அச்சத்தை நேர்நின்று நோக்கியவர்

ஆரணியில் தறியின்முன் அமரும் பட்டு நெசவாளிக்கு, பாவு நெய்து தீருமுன் நூல் விலை ஏறிவிடுமோ, நெய்த சேலை விலைபோகாமல் தங்கிவிடுமோ என்னும் அச்சம் பழகிய ஒன்று. அவரிடம் ஈசனை நம்புக என்று உபதேசிப்பது எளிது. அந்நம்பிக்கை எத்தகையது என்று காட்டுவதே அரிது. ஆரணி அடங்கிய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே அதை வாழ்ந்து காட்டினார் ரமண மஹரிஷி.

1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 12 வயதில் தந்தையை இழந்து, மதுரையில் தந்தையின் சகோதரர் வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலையில், நோயொன்றுமில்லாத அச்சிறுவரை மரண பயம் பற்றியது. அவர் எவரையும் துணைக்கு அழைக்கவில்லை. பிணம்போற் படுத்து, மூச்சை அடக்கி, உடல் மாய்ந்தால் தாமும் மாய்வோமோ என்று விசாரித்தார். மாயாத பொருளொன்று தம்முள் விளங்கக் கண்டார்; மரண பயம் அன்றோடு ஒழிந்தது.

ஆகஸ்டு 29-ந் தேதி, தம் தந்தையின் ஆணைப்படி அவரைத் தேடிச் செல்வதாகச் சீட்டு எழுதி வைத்துப் புறப்பட்டார். அவர் குறித்த தந்தை அருணாசலேசுவரரே. வழிச்செலவுக்கு அவர் எடுத்துக்கொண்டது 3 ரூபாய். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை சேர்ந்ததும், கையில் எஞ்சிய காசையும் அய்யங்குளத்தில் எறிந்தார். பின்னர் ஒருநாளும் அத்தலத்தைவிட்டு அகன்றாரில்லை.

ஈசனை நம்பியவருக்கு இடுக்கண் வாராதா? 1924 ஜூன் 26-ந் தேதி இரவு திருடர் ஆசிரமத்தில் புகுந்தனர். இரும்புத்தடி எடுத்து எதிர்க்க முனைந்த அடியாரை மஹரிஷி தடுத்தார். வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு திருடருக்குக் கூறி, அடியார்களுடன் வெளியேறினார். வெளியேறும்போது அவர் தொடையிலும் அடி விழுந்தது. திருடர் கேட்டபோது விளக்கும் கொடுக்கச் செய்தார். ஆயினும், உதவி தேடி ஊருக்குள் சென்ற அடியாரை அவர் தடுக்கவில்லை, போலீசாரும் வந்தனர். 1949-ல் இடக்கையில் எழுந்த கட்டிக்கு நான்கு முறை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14-ந் தேதி அமைதியாகவே உடல் நீத்தார்.

இத்தகைய நம்பிக்கை மக்களைக் கோழைகளாக்கும் என்று கூறும் தேசத் தொண்டர் சிலர் உளர். அவர்கள் இச்சரிதத்தை ஊன்றி நோக்குவாராக. அடி விழாது என்று மஹரிஷி நம்பவில்லை. அடி விழுந்தும் தம் இயல்பினின்று வழுவவில்லை. அச்சத்தால் பிறரை அடிப்பதும், அச்சத்தால் அடங்கிப் போவதும் ஒரே நோயின் இரு கூறுகள் என்போம். இரண்டினின்றும் விடுபட்டவனே உறுதியுடன் நியாயம் கேட்க வல்லவன். ஆரணி நெசவாளர் கூட்டுறவாய்ச் சேர்ந்து உரிய கூலி கேட்பதற்கு ஈசன்மேல் வைத்த நம்பிக்கை தடையன்று; கேட்கும் குரல் நடுங்காதிருக்க அதுவே துணை. நூல் விலையை ஈசன் இறக்கித் தருவான் என்று நாம் கூறோம். விலை ஏறிய நாளிலும் நிமிர்ந்து நிற்கும் நெஞ்சை அருளுவான் என்பதே நமது துணிபு.