எரிக் லிடெல்

1902-ஆம் ஆண்டில், சீன தேசத்துத் தீன்ஸின் நகரில், ஸ்காத்லாந்து மிஷனெரிக் குடும்பமொன்றில் எரிக் லிடெல் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் விஞ்ஞானம் பயின்ற காலத்திலேயே ஓட்டத்தில் பெரும் புகழ் எய்தினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், அவருக்கு உரியதாயிருந்த 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. ஓய்வுநாளில் ஓடுதல் தகாதென்று அதனைத் துறந்தார். 400 மீட்டர் ஓட்டத்தில் இறங்கி, 47.6 விநாடியில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார்.

மறு ஆண்டே புகழை விடுத்துத் தீன்ஸினுக்குத் திரும்பி, ஆங்கிலோ-சீனக் கலாசாலையில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்து, மாணவர்க்கு விளையாட்டுக்களையும் பயிற்றி வந்தார். பின்னர் யுத்தம் மூண்டது. 1941-இல் மனைவி மக்களைக் கானடாவுக்கு அனுப்பினார். அதன்பின் பிறந்த கடைசி மகளை அவர் கண்டதேயில்லை.

1943-இல் ஜப்பானியர் அவரை வெய்ஸியன் முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த சிறுவர் பலர் அங்கிருந்தனர். அவர்கட்குப் பாடங் கற்பித்தார். முறிந்த ஹாக்கி மட்டைகளைச் செப்பனிட்டு ஆட்டங்களை நடத்தினார். ஞாயிறன்று மட்டும் ஆட்டமில்லை. இளைஞர் அந்நாளில் தாமே ஆடிக் கைகலந்தனர். அதுகண்ட அவர், பின்னொரு ஞாயிறன்று தாமே நடுவராய் நின்றார். ஒலிம்பிக் பந்தயத்துக்காகவும் தளர்த்தாத நியமத்தை அச்சிறாரின் ஒற்றுமைக்காகத் தளர்த்தினார்.

1945 பிப்ரவரி 21-ஆம் நாள், விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், மூளைக்கட்டியால் முகாமிலேயே காலமானார். தம்மளவில் கண்டிப்பும் பிறர்மாட்டு இரக்கமும் ஒருங்கே வாய்த்த அவ்வாசிரியர், ஓட்டத்தினும் வாழ்க்கையிலேயே பெருவெற்றி பெற்றவராவர்.