பீப்பா அளந்த பாவலர்

புலவர் வரலாறுகளில் உண்மையும் பழியும் பாலும் நீரும்போலக் கலந்து கிடத்தல் வழக்கம். ஒருவர் எதனைப் புகழ்ந்து பாடினாரோ அதற்கே அவர் அடிமையாயிருந்தார் என்று முடிவு கட்டுதல் உலகத்தார்க்கு எளிது. ஸ்கொத்லாந்து நாட்டின் பெருங்கவிஞராகிய றொபேட் பேண்ஸ் இவ்வாறு பழி சுமந்தவர்களுள் ஒருவர். அவர் விஸ்கி என்னும் மதுவைப் பாடினார். முப்பத்தேழு வயதில் இறந்தார். ஆகவே அந்த மதுவே அவரைக் கொன்றது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பலரும் நம்பினர். அந்நம்பிக்கை எவ்வாறு எழுந்தது, அதற்கு ஆதாரம் உண்டோ என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னார்த் தீவிலே தமிழ் கற்பிக்கும் எனக்கும் அந்தக் குளிர்நாட்டுக் கவிஞருக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். பனையே அவ்வுறவு. பனையை வடஇந்தியர் தாட் என்பர். அதன் கள்ளைத் தாடி என்பர். வாணிகம் நாடி வந்த ஆங்கிலேயர் அச்சொல்லைத் தொடி என்று திரித்து வழங்கினர். கப்பலேறிச் சென்ற அச்சொல், பனை முளையாத ஸ்கொத்லாந்திலே விஸ்கியும் வெந்நீரும் சர்க்கரையும் கலந்த ஒரு பானத்துக்குப் பெயராயிற்று. பேண்ஸின் பாட்டிலும் கடிதத்திலும் அச்சொல் வருகின்றது. நம் மரத்தின் பெயர் அவர் நாவில் இருந்தது என்பதே அவரை யான் தேடிக் கற்றதற்கு முதற் காரணம்.

யான் கள்ளையோ விஸ்கியையோ நாவினால் அறியேன். ஆயினும் பனை நிறைந்த இத்தீவில் வாழ்பவன் கள்ளின் தரம் பற்றிய பேச்சைக் கேளாதிருத்தல் இயலாது. பல மரத்துக் கள்ளை ஒன்றாக ஊற்றுவது ஒரு வகை. ஒரே மரத்தில் இறக்கியது வேறு வகை. பின்னதைத் தனிப்பனைக் கள் என்று சிறப்பித்துக் கூறுவர். மரத்துக்கு மரம் சுவை வேறு என்பது அவர் கொள்கை. ஸ்கொத்லாந்தின் தனி மோல்ற் விஸ்கியும் ஏறக்குறைய இத்தகையதே. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை ஒன்றையே கொண்டு, ஒரே வடிசாலையில், செப்பு வாலைகளில் வடித்து, ஓக் மரப் பீப்பாவில் மூன்றாண்டுக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும் என்பது இன்றைய சட்டம். காலையில் இனித்து மாலையிற் புளிப்பது நம் கள். பீப்பாவிற் கிடந்து ஆண்டுதோறும் கனிவது அவர்கள் விஸ்கி. அதனை மதிப்பிடுவோர் நிறம், மணம், நாவிற் படுஞ் சுவை, விழுங்கியபின் நிற்குஞ் சுவை என்பவற்றைத் தனித்தனியே நோக்கி, சிறிது நீர் விட்டு மீண்டும் நோக்கி, நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று இடுவர். ஆசிரியர் விடைத்தாள் திருத்துவது போன்ற செயல் அது. பேண்ஸ் காலத்தில் இச்சட்டமும் இல்லை. புள்ளியிடும் வழக்கமும் இல்லை. ஆயினும் தரம் பிரித்தறியும் நாவும், அதனைச் சொல்லும் துணிவும் அவரிடம் இருந்தன.

அவர் 1759ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் அயர்ஷயரில் அலோவே என்னும் சிற்றூரிலே, தந்தை தம் கையாற் கட்டிய மண்சுவர் வீட்டிற் பிறந்தார். தந்தை குத்தகை உழவர், பிள்ளைகள் எழுவர், மூத்தவர் பேண்ஸ். வறுமையிலும் தந்தை அயலவரோடு சேர்ந்து ஓர் ஆசிரியரை அமர்த்திப் பிள்ளைகளைக் கற்பித்தார். தாய் நாட்டுப்பாடல்கள் பல அறிந்தவர். கல்வி ஒரு காதிலும் பாட்டு மறு காதிலுமாக வளர்ந்த சிறுவர், பதின்மூன்று பதினான்கு வயதிலேயே வளர்ந்த ஆளுக்குரிய வயல்வேலை முழுவதும் செய்தார். தலைவலி அக்காலத்திலேயே தோன்றி, பிற்காலத்தில் நெஞ்சுப் படபடப்பாக மாறியதை அவர் தம்பி கில்பேட் பதிந்து வைத்துள்ளார். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

1784இல் தந்தை இறந்தார். சகோதரர் இருவரும் மொஸ்கீல் என்னும் பண்ணையை எடுத்தனர். விளைச்சல் பொய்த்தது, கவி விளைந்தது. 1786 யூலை 31இல் கில்மார்னொக் நகரில் அவருடைய முதல் நூல் 612 பிரதிகளாக வெளிவந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. அதுவரை அவர் வறுமையும் பிற இடர்களும் தாளாது யமேக்காத் தீவுக்குச் செல்ல எண்ணியிருந்தார். அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டமொன்றிற் கணக்கெழுதும் வேலை அது. மனிதரெல்லாம் நிகர் என்று பிற்காலத்திற் பாடியவர் அத்தொழிலுக்குச் செல்ல ஒருப்பட்டமை அவர் வரலாற்றில் ஒரு கறையே, மறைத்தற்கில்லை. நூலின் வெற்றி அவரை எடின்பரோவுக்குத் திருப்பிவிட்டது.

அம்முதல் நூலிலே விஸ்கியைப் பற்றிய பாட்டுக்கள் இரண்டு உள்ளன. ஒன்று நாட்டு மதுவைப் புகழ்வது. அயல்நாட்டுத் திராட்சை மதுவையும் பிராந்தியையும் தாழ்த்தி, வாற்கோதுமையிற் பிறந்த எளிய பானத்தை உயர்த்துவது அது. உழைத்துக் களைத்த ஏழைக்கு ஆறுதல் என்பதே அவர் அதற்குக் கண்ட பெருமை. அப்பாட்டிலே பெரின்டோஷ் என்னும் இடத்து விஸ்கியைப் பெயர் சுட்டி இரங்குகின்றார். அவ்விடத்துக்குரிய போப்ஸ் குடும்பத்தார், 1689ஆம் ஆண்டுக் கலகத்தில் தம் நிலம் அழிந்ததற்கு ஈடாக, சிறு தொகையொன்று செலுத்தி வரியின்றி மது வடிக்கும் உரிமையை 1690இற் பெற்றிருந்தனர். 1784இல் அரசினர் ஈட்டுத் தொகை கொடுத்து அவ்வுரிமையை நீக்கினர். அதற்கே கவிஞர் அழுதார். விஸ்கி என்று பொதுவாகக் கூறாமல் இன்ன ஊர் விஸ்கி என்று பிரித்துக் கூறியமை நோக்கத்தக்கது. ஊரால் தரம் அறிதல் என்பது தனிப்பனைக் கள்ளை அறிவார்க்குப் புதிதன்று. மற்றப் பாட்டு, வடிசாலைகளை நெருக்கும் வரிச்சட்டங்களைத் தளர்த்துமாறு பாராளுமன்றத்து ஸ்கொத்லாந்து உறுப்பினரை வேண்டுவது.

வரியை எதிர்த்துப் பாடியவரையே விதி வரி தண்டுவோர் ஆக்கியது. 1788இல் அவர் ஜீன் ஆமர் என்பாரை மனைவியாக ஏற்று, டம்பிரீஸ் நகருக்கு அண்மையில் எலிஸ்லண்ட் என்னும் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். நிலம் உதவாது என்ற ஐயத்தால் அவ்வாண்டிலேயே மதுவரித் தொழிலுக்குப் பயின்று தகுதிப் பத்திரம் பெற்றார். 1789 செப்டெம்பரில் வேலை தொடங்கியது. ஆண்டுச் சம்பளம் 50 பவுண். பத்துப் பங்குகளிலே கிழமைக்கு இருநூறு மைல் வரை குதிரையிற் சுற்றினார். முளைகட்டிய தானியக் குவியலையும் பீப்பாக்களையும் அளவுகோலிட்டு அளந்து, கணக்கெழுதி, வரி விதிப்பதே அத்தொழில். இரவில் வீடு திரும்பிய பின்னரும் கவி எழுதினார்.

அவர் நாவின் கூர்மையைக் காட்டும் கடிதம் ஒன்று உண்டு. 1788 டிசம்பர் 22இல், யோன் தெனந்த் என்னும் நண்பருக்கு, அவரிடமிருந்து வந்த பீப்பாவைத் திறந்து சோதித்த முடிவை எழுதுகின்றார். கடுமையாக வேண்டின் ஒரு பங்கு விஸ்கிக்கு ஐந்து பங்கு நீரும், சாதாரணத் தொடிக்கு ஆறு பங்கு நீரும் அது தாங்கும் என்பது அவர் கணிப்பு. டம்பிரீஸ்ப் பகுதியில் விற்கும் விஸ்கியோ மிக இழிந்தது என்று கண்டிக்கின்றார். அது நல்ல வாற்கோதுமை விளையும் நாடாதலால், நண்பர் மீண்டும் வடிக்கத் தொடங்கினால் அங்கே நல்ல வாணிகம் உண்டு என்றும் யோசனை கூறுகின்றார். புகழ வேண்டியதைப் புகழ்ந்து, இகழ வேண்டியதை இகழ்ந்து, நீரின் அளவையும் குறித்த இக்கடிதம் ஒரு மதிப்பீட்டாளரின் கடிதம். கிடைத்ததை எல்லாம் குடிப்பவன் இவ்வாறு எழுதான்.

அக்காலத்துத் தாழ்நில விஸ்கி இழிந்தமைக்கு வரியும் ஒரு காரணமாயிற்று. வாலையின் கொள்ளளவைக் கொண்டு வரி விதித்தனர். ஆகவே பெருமுதலாளர் ஆழங்குறைந்த அகன்ற வாலைகளைச் செய்து, ஒரு நாளிற் பலமுறை விரைந்து வடித்தனர். விரைவால் இலாபம் பெருகியது, சுவை கெட்டது. மேல்நிலத்துச் சிறு வாலைகளில் மெல்ல வடித்ததே நல்லதென்று பெயர் பெற்றது. இதனை நாவாலும் அறிந்து, அளவுகோலாலும் அறிந்தவர் பேண்ஸ். குடியின் கேட்டையும் அவர் அறியாதவரல்லர். 1790இல் அவர் இயற்றிய தாம் ஒ ஷாண்டர் என்னும் கதைப்பாட்டின் தலைவன், குடித்து நேரங் கழித்து வீடு திரும்பும் வழியிலே பேய்களிடம் அகப்படும் உழவன். சிரிக்க வைத்தே அவனைக் காட்டினார்.

1791இல் பண்ணையை விட்டு டம்பிரீஸ் நகரிற் குடியேறினார். பிரெஞ்சுப் புரட்சிக்குச் சார்பானவர் என்று 1792இறுதியில் அவர்மீது முறையீடு சென்றது. விசாரணை நடந்தும் தொழில் பறிபோகவில்லை. மேற்பார்வையாளர் நோயுற்றபோது, 1794இன் இறுதி முதல் சில மாதம் அப்பொறுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இக்காலத்திலேயே ஸ்கொத்லாந்தின் பழைய பாடல்களை நூற்றுக்கணக்கிற் சேர்த்தும் திருத்தியும் புதுக்கியும் தந்தார். அவற்றை அவர் விலைக்கு விற்கவில்லை. விருந்துகளிற் குடித்து வரம்பு மீறியதும் உண்டு. மறுநாள் வெட்கி மன்னிப்புக் கேட்டதும் உண்டு. அவற்றை ஒளிப்பதால் அவர்க்குப் பெருமை வராது.

1796இல் நோய் முற்றியது. மருத்துவர் சொற்படி சொல்வே முகக் கடலின் குளிர்ந்த நீரில் நின்று நீராடினார். அந்நிலையில், தொண்டர் படைச் சீருடைக்குத் துணி தந்த கடைக்காரர் கடனைக் கேட்டு நெருக்க, சிறைக்கு அஞ்சி, உறவினரிடம் 10 பவுணும் பாடல் வெளியீட்டாளரிடம் 5 பவுணும் இரந்து எழுதினார். யூலை 21இல் உயிர் நீத்தார். உடலை அடக்கம் செய்த 25ஆம் நாளிலேயே மனைவி ஒரு மகனை ஈன்றார்.

இனிப் பழி பிறந்த கதை. லிவர்ப்பூல் மருத்துவராகிய யேம்ஸ் கறி, கவிஞரின் குடும்பத்துக்குப் பொருள் திரட்டும் நல்லெண்ணத்தோடு, 1800இல் அவர் நூல்களையும் வரலாற்றையும் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். கறி பேண்ஸோடு நெருங்கிப் பழகியவரல்லர். மதுவின் கேட்டைப் பற்றி உறுதியான கொள்கையுடையவர். குடியே கவிஞரைச் சிதைத்தது என்ற கருத்து அவர் நூலின் வழியே உலகெங்கும் பரவியது. குடும்பத்துக்குச் சோறளித்த நூலே தலைவரின் பெயரைக் கெடுத்தது.

அருகிருந்தோர் வேறு சான்று கூறினர். மதுவரி மேற்பார்வையாளராகிய அலெக்சாண்டர் பின்லேற்றர், பேண்ஸ் தொழிலுக்குத் தகுதியற்ற நிலையில் இருக்கத் தாம் கண்டதில்லை என்று எழுதினார். டம்பிரீஸ்ப் பாடசாலை ஆசிரியர் யேம்ஸ் கிறே, பேண்ஸின் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். தந்தை மாலையிலே மகனோடு அமர்ந்து நூல்களை விளக்கி வந்தமையை எடுத்துக் கூறினார். இந்த ஆசிரியர் பின்னர் இந்தியாவுக்கு வந்து, கச்சு நாட்டிலே இளவரசருக்குக் கற்பித்து, அந்நாட்டு மொழியில் மத்தேயுவின் நற்செய்தியைப் பெயர்த்து, 1830இல் அங்கேயே இறந்தார். மாணவனின் தந்தையை ஆசிரியர் அறிவதுபோல் அறிவார் சிலரே. ஆதலால் கிறேயின் சான்றுக்கு யான் தனி மதிப்பு அளிக்கின்றேன். இக்கால மருத்துவரும், இளமையிலே வயல்வேலையால் நலிந்து, முடக்குவாதக் காய்ச்சலின் வழியே பழுதுற்ற இதயமே அவர் இறப்புக்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று பெரும்பாலும் கருதுகின்றனர். தம்பி குறித்துவைத்த படபடப்பு இங்கே சான்றாகின்றது.

தமிழ் கற்ற நமக்கு இவ்வேறுபாடு விளங்காததன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரம் வகுத்தார். அவர் நெறி நம் நெறி. எனினும் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்து உண்ட ஔவையாரைக் குடியர் என்று எவரும் இகழ்வதில்லை. அவர் பாட்டின் தரங்கொண்டே அவரைப் போற்றுகின்றோம். நா வேறு, தொண்டை வேறு. சுவையை அறிவது ஓர் அறிவு. அளவின்றி விழுங்குவது அறிவின் இழப்பு. முன்னதைப் பின்னதாகக் கொண்டமையே கறியின் பிழை.

ஆண்டுதோறும் சனவரி 25இல் உலகின் பல நகரங்களிலே அன்பர் கூடி, விஸ்கிக் கிண்ணம் ஏந்தி, அவர் பாட்டை ஓதுகின்றனர். கிண்ணத்தை மட்டும் கண்டவர்க்கு அவர் குடிகாரராகவே தோன்றுவார். பீப்பாவை அளக்கும்போது அவர் மேலே தட்டிப் பார்த்து விடவில்லை. கோலை அடிவரை இறக்கி, ஈரம் நின்ற இடத்தைக் கண்டே எழுதினார். ஒரு புலவரை அளக்கப் புகும் மாணவரும் ஆசிரியரும் அவ்வாறே அடிவரை அளந்து பின்னரே கணக்கெழுதுவாராக.