நவாபின் தொலைநோக்கியும் காவலூரின் வானமும்

சிவப்பும் நீலமுமாகப் பூத்து நிற்கும் நெபுலாக்களின் படங்களை நம் பிள்ளைகள் பாடநூல்களில் பார்த்து வியக்கிறார்கள். ஆனால் தை மாத இரவில் சுவாமிமலை வயல்வரப்பில் நின்று ஓரியன் விண்மீன் கூட்டத்தைப் பார்த்தால், அங்கிருக்கும் நெபுலா மங்கிய புகைபோலத்தான் தெரியும். கண்ணில் ஒளி தேங்காது. புகைப்படத் தகட்டிலோ மணிக்கணக்கில் சேரும். கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி ஆந்த்ரோமேடாவில் ஒரு சிறு மேகத்தைக் குறித்து வைத்தது வெறுங்கண்ணால் பார்த்துத்தான். அது தொலைதூர விண்மீன் மண்டலம் என்பது 20ஆம் நூற்றாண்டில் புகைப்படத் தகடுகள் வழியே உறுதியானது.

இரவு வானை ஆராயும் பெரிய நிலையத்தைத் தமிழகத்துக்குத் தந்தவர் வைணு பாப்பு. 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளர். அந்த ஆய்வகத்தின் மூலமே ஒரு முஸ்லிம் பிரபுவின் ஆர்வம்தான். நவாப் ஜஃபர் ஜங் சொந்தச் செலவில் 15 அங்குலத் தொலைநோக்கியை வாங்கினார். அவர் மறைந்தபின் 1908இல் நிஜாம் அரசு அதை ஏற்றது. முழு வானத்தையும் புகைப்படம் எடுக்கும் உலகத் திட்டத்திலும் அது பங்கேற்றது. சிறுவன் பாப்பு வானத்தைப் படித்தது அங்கேதான்.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்றார். அந்த ஜூலையில், தாம் எடுத்த படத்தகட்டில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் நியூகர்க் ஆகியோரின் பெயர்களுடன் இவர் பெயரும் அந்த வால்மீனுக்குச் சூட்டப்பட்டது. போக் என்பவர், விண்மீன்கள் உருவாகும் சிறு கருமேகங்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். 1957இல் வில்சனுடன் சேர்ந்து, விண்மீனின் ஒளிக்கற்றையைக் கொண்டு அதன் உண்மையான பிரகாசத்தை அறியும் முறையை பாப்பு வெளியிட்டார்.

வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் உலகின் மிகப்பெரிய தொலைநோக்கிகள் அவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் 1953இல் தாயகம் திரும்பினார். 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். சூரியனை ஆராய அந்த மலை ஏற்றது. இரவு வானுக்கு வேறிடம் வேண்டும். தேடியலைந்து, வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. யுரேனஸின் வளையங்கள் 1977இல் கண்டறியப்பட்டபோது காவலூரும் அதைக் கவனித்துப் பதிவு செய்தது.

பெரிய கருவியை நாமே செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 2.34 மீட்டர் கண்ணாடியைத் தேய்த்து மெருகிடும் வேலை நம் நாட்டிலேயே நடந்தது. அது முடியுமுன், 1982 ஆகஸ்ட் 19 அன்று, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மியூனிக்கில் காலமானார். வயது 55. பனை நட்டவன் பார்த்துவிட்டாவது சாவான் என்பார்கள். இவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தத் தொலைநோக்கி இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பயனுள்ள கல்வி, கொடுத்தவரின் மரணத்தோடு நின்றுவிடுவதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஒரு நவாப் வாங்கிய கருவி ஓர் ஊழியரின் மகனை வானியலாளர் ஆக்கியது. அவர் விட்டுச் சென்ற கருவியில் இன்றைய மாணவர்கள் வானத்தை ஆராய்கிறார்கள். சமுதாயத்தில் வசதி படைத்தவர்கள், அடுத்த தலைமுறைக்கு எதை வாங்கி வைத்துவிட்டுப் போகிறோம் என்று யோசிக்க இந்த வாழ்க்கை போதும்.