நடைபாதை உபதேசியார் ஆர்தர் ஸ்டேஸ்

மக்கள் தம் பெயரை நிலைநிறுத்தக் கல்லையும் சுவரையும் நாடுதல் தொன்றுதொட்ட வழக்கமாகும். யாம் வாழும் திருமுல்லைவாயிலில், மாசிலாமணீசுவரர் கோயிற் சுவர்களிற் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் உள. மன்னர் பெயரும் அவர்தம் கொடையும் அவற்றாற் புலனாகின்றன. இக்காலத்தாரோ, தெருவோர மதில்களிற் கட்சிப் பெயர்களையும் தலைவர் பெயர்களையும் தீட்டி வைக்கின்றனர். ஆயின், தம் பெயரை மறைத்து, ஒரே சொல்லை முப்பத்தைந்து ஆண்டுகள் நடைபாதையில் எழுதிச் சென்றார் ஒருவர். அவரே ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரத்து ஆர்தர் ஸ்டேஸ். அவர் சரிதையைச் சுருக்கமாக ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஸ்டேஸ் 1885-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 9-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் மதுவுக்கு அடிமைப்பட்டவர். ஆதலின், அவர் பசியோடும் களவோடும் வளர்ந்தார்; கல்வியோ பெயரளவிற்கே வாய்த்தது. பெற்றோரை வீழ்த்திய குடி மகனையும் விடவில்லை. இளமையிலேயே சிறைவாசம் கண்டார். சூதாடுவோர்க்குக் காவல் நின்று வயிறு வளர்த்தார். 1916-இற் சேனையிற் சேர்ந்து, முதல் உலகப் போரின் பொருட்டுக் கடல்கடந்து சென்று திரும்பினார். திரும்பிய பின்னும் குடி ஒழிந்தபாடில்லை.

1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், உலகெங்கும் வேலையின்மை வாட்டிய அக்காலத்தில், தூய பர்னபா ஆலயத்திற் கூட்டத்திற்கு வந்தார்க்குத் தேநீரும் பணியாரமும் கிடைக்குமென அறிந்து அங்குச் சென்றார். உணவை நாடிச் சென்றவர் ஹாம்மண்டு குருவானவரின் உபதேசத்தைக் கேட்டு உள்ளம் உடைந்தார். அன்று தொட்டு மதுவைத் தொட்டிலர்.

இரண்டாண்டு கழித்து, 1932 நவம்பரில், பர்ட்டன் தெருப் பாப்திஸ்து ஆலயத்தில் ஜான் ரிட்லி என்பார் நித்தியத்தைக் குறித்துப் பிரசங்கித்தார். வெளியே வந்த ஸ்டேஸ் தம் பையிற் கிடந்த சீமைச்சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, முழந்தாளிட்டு, அச்சொல்லை ஆங்கிலத்தில் 'எடர்னிட்டி' எனத் தரையில் எழுதினார். தம் பெயரையும் செவ்வனே எழுத வல்லரல்லாத அவர் கையினின்று அவ்வொரு சொல் மட்டும் அழகிய சாய்வெழுத்தாய் அமைந்தது வியப்பே.

அதுமுதல் வைகறையில் எழுந்து, செபம் முடித்து, நகரெங்கும் சென்று எழுதுவார். மழையும் மாந்தர் காலடியும் அதனை அழித்துவிடும்; அவர் மீண்டும் எழுதுவார். காவலர் பன்முறை தடுத்தனர். அவர் எழுதியது ஏறக்குறைய ஐந்து இலட்சம் முறை என மதிப்பிடுவர். எழுதுவார் யாரென நகரத்தார் பல்லாண்டு அறிந்திலர். அவ்வாலயத்தைத் துப்புரவு செய்யும் ஊழியரே அவர் என்பதைக் குருவாகிய லைல் தாம்ப்சன் கண்டுகொள்ள, 1956-இற் செய்தித்தாள் வாயிலாக உண்மை வெளிப்பட்டது. 1967-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஸ்டேஸ் மறைந்தார்.

அவர் மறைந்தும் அச்சொல் மறையவில்லை. 1977-இற் சிட்னிச் சதுக்கத்தில் அஃது உலோகத்திற் பதிக்கப்பெற்றது. மார்ட்டின் ஷார்ப் என்னும் ஓவியர் அதனைத் தம் சித்திரங்களில் அமைத்தார்; பின்னர்ச் சட்டைகளிலும் அச்சேறிற்று. 2000-ஆம் ஆண்டு பிறந்த இரவில், துறைமுகப் பாலத்தின்மீது அச்சொல் ஒளிவடிவாய் விளங்க, உலகம் கண்டது.

நிற்க. அவர் மறைந்த நாளை நினைவுகூர யாமும் சட்டை அச்சிட எண்ணினோம். எம்முள் வழக்கொன்று எழுந்தது. பெயரை மறைத்தவரை மார்பிற் சுமந்து திரிதல் தகுமோ என்றனர் சிலர். அவர் பெயரை விடுத்து அவர் சொல்லை மட்டும் பொறித்தல் அமையும் என்று முடிவாயிற்று. ஆங்கிலத்தில் வேண்டா, தமிழில் நித்தியம் என்றே இருத்தல் வேண்டும் என வற்புறுத்தினான் ஒரு நண்பன். அவன் தந்தையார் குடியாற் குடும்பத்தைக் கலங்கச் செய்தவர். தமிழன்றி வேறு படிக்க அறியார்.

அச்சட்டையை அணிந்து அவன் இல்லம் சென்ற மாலையில், தந்தையார் அச்சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்து, அதன் வரலாற்றை வினவினாராம். அவன் ஸ்டேஸின் கதையைத் தொடக்கமுதல் கூற, அவர் இறுதிவரை கேட்டிருந்தார். அதன்பின் அவர் குடியை விட்டாரென யாம் எழுதின் அது பொய்யாகும். ஆயினும், தந்தையும் மகனும் சினமின்றி நெடுநேரம் உரையாடியது பன்னாட்களுக்குப் பின் அன்றே என்று அவன் எம்மிடம் உரைத்தான்.

வெளுக்க வெளுக்க அச்சட்டைகளின் எழுத்து மங்கி வருகின்றது. அதற்கு யாம் வருந்துகின்றிலோம். நடைபாதை எழுத்தும் அழிந்துகொண்டேதான் இருந்தது. மறுநாள் விடியலில் ஒருவர் மீண்டும் முழந்தாளிட்டார். நாம் செய்யத்தக்க நினைவுக்கடன் அதுவே.