வேண்டுமென்றே விலகிப் பறந்து கரை சேர்ந்தவர்

தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற விரும்பும் ஒருவர் விமானத்தை மேலேற்றவும் தரையிறக்கவும் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. அவர் எழுத்துப் பரீட்சைகளுக்கும் தோற்ற வேண்டும். அப்பரீட்சைகளில் பலரையும் அச்சுறுத்துவது வழிகாணல் என்னும் பாடமாகும். வரைபடம், பாகைமானி, பென்சில், கணிப்புச் சட்டம் ஆகியவற்றுடன் மேசையில் அமர்ந்து, காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு கதியில் வீசுகிறது, அதனால் விமானம் எவ்வளவு தூரம் ஒதுக்கப்படும், அதனை ஈடுசெய்ய விமானத்தின் மூக்கை எத்தனை பாகை திருப்ப வேண்டும், சென்றடையும் நேரம் என்ன, எரிபொருள் போதுமா என்றெல்லாம் கணிக்க வேண்டும். கைத்தொலைபேசியே வழிகாட்டும் இக்காலத்தில் இந்தக் கணக்கு எதற்கு என்று மாணவர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கையை இன்று நாம் நினைவுகூர விரும்புகிறோம். அது 1972 ஆம் ஆண்டு காலமான பிரான்ஸிஸ் சிச்செஸ்டரின் வாழ்க்கையாகும்.

உலகம் அவரைப் பெரும்பாலும் ஒரு கடலோடியாகவே அறியும். அறுபத்தைந்தாவது வயதில் பாய்க்கப்பலில் தனியொருவராக உலகைச் சுற்றி வந்தவர் என்ற புகழே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டுள்ளது. ஆனால் கடலில் அவர் காட்டிய திறமை, அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஆகாயத்தில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றின் தொடர்ச்சியே ஆகும்.

1901 செப்டெம்பர் 17 ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஒரு மதகுருவின் மகனாகச் சிச்செஸ்டர் பிறந்தார். மார்ல்பரோ என்னும் புகழ்பெற்ற பாடசாலையில் பயின்றபோதிலும் பல்கலைக்கழகப் படியை அவர் மிதிக்கவில்லை. பதினெட்டு வயதில், சட்டைப்பையில் பத்துப் பவுணுடன் நியூஸிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே சுரங்கத்திலும் வேறு பல தொழில்களிலும் உழைத்து, பின்னர் காணி வியாபாரத்திலும் மரச்செய்கையிலும் ஈடுபட்டுச் செல்வந்தரானார். பத்து ஆண்டுகள் கழித்து 1929 இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோதுதான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது.

அந்தக் கலை அவருக்கு விரைவில் கைவந்துவிடவில்லை. பார்வைக் குறைபாடு காரணமாகத் தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அவர். ஆயினும் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுச் சில மாதங்களுக்குள், 1929 டிசம்பரில் 'ஜிப்ஸி மொத்' என்ற சிறிய விமானத்தில் தனியே புறப்பட்டு, 1930 ஜனவரி இறுதியில் சிட்னியைச் சென்றடைந்தார். பயணத்தின் பெரும்பகுதியில் கீழே நிலம் தெரிந்தது. கடற்கரைகளும் ஆறுகளும் புகையிரதப் பாதைகளும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவின. உண்மையான பரீட்சை அதற்குப் பின்னரே அவருக்காகக் காத்திருந்தது.

நியூஸிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே டஸ்மன் கடல் விரிந்து கிடக்கிறது. அதனைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியாகப் பறந்து கடந்தவர் அதுவரை எவரும் இலர். நீண்ட தூரம் பறக்கக்கூடிய பெரிய விமானமொன்றை வாங்குவதற்குச் சிச்செஸ்டரிடம் பணம் இருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் அவருடைய வியாபாரத்தையும் பாதித்திருந்தது. அவரது சிறிய விமானமோ முழுத் தூரத்துக்கும் வேண்டிய எரிபொருளைச் சுமக்காது. எனவே இடையிலுள்ள நோர்போக், லோர்ட் ஹோவ் ஆகிய இரு சிறு தீவுகளில் இறங்கிச் செல்லத் தீர்மானித்தார். அத்தீவுகளில் அக்காலத்தில் விமான ஓடுபாதை கிடையாது. ஆதலால் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பொருத்தினார்.

இங்கேதான் வழிகாணல் என்ற பாடம் உயிர்ப் பிரச்சினையாகிறது. நோர்போக் தீவின் பரப்பு ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. லோர்ட் ஹோவ் தீவு அதன் பாதியளவு கூட இல்லை. நியூஸிலாந்தின் வடமுனையிலிருந்து முதலாவது தீவுக்கு ஏறத்தாழ 480 மைல். மணிக்கு 80 மைல் கதியில் செல்லும் விமானத்துக்கு அது ஆறு மணி நேரப் பயணம். பக்கவாட்டிலிருந்து மணிக்கு 20 மைல் கதியில் காற்று வீசி, விமானி அதனைக் கவனியாது விட்டால் ஆறு மணி நேர முடிவில் அவர் 120 மைல் விலகியிருப்பார். காற்று இல்லாதபோதும் திசைகாட்டியில் ஒரு பாகை பிழைத்தால் ஒவ்வொரு 60 மைலுக்கும் ஒரு மைல் விலகல் ஏற்படும். பரீட்சைத் தாளில் இப்பிழைக்குச் சில புள்ளிகள் குறையலாம். டஸ்மன் கடலில் அதன் விலை வேறு.  திரும்பி வருவதற்கு எரிபொருளும் போதாது.

கப்பல் மாலுமிகள் இத்தகைய நிலையில் சூரியனின் துணையை நாடுவர். செக்ஸ்டன்ட் என்னும் கருவியால், அடிவானத்துக்கு மேல் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். அளந்த கணத்தின் நேரமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். கடிகாரம் நான்கு செக்கன் பிழைத்தால் நெடுங்கோட்டில் ஒரு கலை பிழைத்துவிடும். ஆயினும் ஓர் அளவையிலிருந்து கிடைப்பது ஒரு புள்ளியன்று, ஒரு கோடு மட்டுமே. சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தாக அமையும் அக்கோட்டின் மீது எங்கோ ஓரிடத்தில் நாம் இருக்கிறோம் என்று மட்டுமே அதிலிருந்து கூற முடியும்.

இவ்வறிவு ஐரோப்பியருக்கு மாத்திரம் உரியதன்று. இந்து சமுத்திரத்தில் கலம் செலுத்திய அரேபிய மாலுமிகள் 'கமால்' என்ற சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து துறைமுகங்களைக் கண்டடைந்தனர். கிப்லாவின் திசையைத் துல்லியமாக அறிய வேண்டிய தேவை, கோளத் திரிகோண கணிதத்தை வளர்க்க முஸ்லிம் அறிஞர்களைத் தூண்டியது. இன்றும் வழிகாணலுக்குப் பயன்படும் நட்சத்திரங்களில் பல அரபுப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

பெரிய விமானங்களில் இக்கணிப்புகளைச் செய்வதற்கென்றே தனியாக ஒருவர் அமர்ந்திருப்பார். சிச்செஸ்டரோ திறந்த இருக்கையில் தனியே இருந்தார். விமானத்தைச் செலுத்துவதும், காற்றின் இரைச்சலுக்கும் குலுக்கலுக்கும் இடையில் செக்ஸ்டன்டை இரு கைகளாலும் பிடித்துச் சூரியனை அளப்பதும், அதன்பின் மடக்கைக் கணக்குகளைச் செய்து முடிப்பதும் ஒரே மனிதரின் வேலையாயின. அக்கணக்குகளைச் சுருக்குவதற்காக உருளை வடிவிலான ஒரு கணிப்புச் சட்டத்தை அவர் பயன்படுத்தினார். இத்தனைக்கும் மேலாகத் தன்னால் துல்லியமாக அளக்க முடியாது என்ற உண்மையை அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். அவருடைய பெருமை அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

நேராகத் தீவை நோக்கிப் பறந்தால் என்ன நேரும் என்று அவர் சிந்தித்தார். உரிய நேரத்தில் தீவு தென்படாவிட்டால் அது இடப்புறம் உள்ளதா, வலப்புறம் உள்ளதா என்பது தெரியாது. தவறான பக்கம் திரும்பினால் எரிபொருள் தீர்ந்துவிடும். ஆகவே அவர் தீவை நோக்கிப் பறக்கவில்லை. வேண்டுமென்றே ஒரு பக்கமாகப் பல மைல் விலகிப் பறந்தார். தன்னுடைய பிழைகள் யாவும் ஒன்றுசேர்ந்தாலும் தீவின் மறுபக்கத்துக்குத் தன்னைக் கொண்டுபோகாத அளவுக்கு அந்த விலகல் பெரிதாக இருந்தது. குறித்த நேரத்தில் தீவில் நிற்கும் ஒருவருக்குச் சூரியன் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை அவர் முன்கூட்டியே கணித்து வைத்திருந்தார். தன் செக்ஸ்டன்டிலும் அதே உயரம் தெரியும்போது, தீவின் ஊடாகச் செல்லும் கோட்டுக்கு வந்துவிட்டோம் என்பது உறுதி. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. ஏனெனில் எந்தப் பக்கமாக விலகினோம் என்பது அவருக்குத் தெரியும்.

1931 மார்ச் 28 ஆம் திகதி அவர் புறப்பட்டார். கணித்த இடத்தில், எதிரே கடலைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையில், தீவு இருக்கிறது என்று கணக்கு கூறிய திசைக்கு விமானத்தைத் திருப்பினார். அத்தருணத்தில் மனித மனம் எவ்வளவு தடுமாறும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரிவதையும் மனதுக்குத் தோன்றுவதையும் விடுத்துக் காகிதத்திலுள்ள எண்களை நம்பித் திரும்புவது எளிதன்று. அவர் கணக்கை நம்பினார். நோர்போக் தீவு கண்ணுக்குத் தெரிந்தது.

அதே முறையில் லோர்ட் ஹோவ் தீவையும் அவர் கண்டடைந்தார். ஆனால் அங்கே இரவில் வீசிய புயற்காற்று, நங்கூரமிட்டிருந்த விமானத்தைக் கவிழ்த்துவிட்டது. வேறொருவராயின் அத்துடன் பயணத்தைக் கைவிட்டிருப்பார். சிச்செஸ்டர் தீவு மக்களின் உதவியுடன் விமானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இரண்டு மாதங்களுக்கு மேல் உழைத்து மீண்டும் கட்டியெழுப்பினார். 1931 ஜூனில் அவுஸ்திரேலியக் கரையை அடைந்தார். விமான வழிகாணலில் ஆற்றிய சாதனைக்கான ஜோன்ஸ்டன் நினைவுக் கிண்ணம் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது.

வெற்றி அவரை எப்போதும் தொடர்ந்தது என்றும் கூறுவதற்கில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் ஜப்பானின் கட்ஸுவுரா துறைமுகத்திலிருந்து மேலெழுந்தபோது, குறுக்கே கட்டப்பட்டிருந்த கம்பிகளில் விமானம் மோதிச் சிதைந்தது. அவர் படுகாயங்களுடன் உயிர் தப்பினார். விமானத்தில் தனியே உலகைச் சுற்றும் கனவு அங்கே முறிந்தது.

இரண்டாம் உலகப் போர் வெடித்தபோது அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர முன்வந்தார். பார்வைக் குறைபாட்டைக் காட்டி முதலில் அவரை ஏற்க மறுத்தனர். டஸ்மன் கடலில் ஒரு சிறு தீவைக் கண்டுபிடித்த கண்கள் போதாதென்று கருதப்பட்டமை விந்தையே. எனினும் 1941 இல் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டு, போர் விமானிகளுக்கு வழிகாணலைப் போதிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. தனியே பறக்கும் விமானி முழங்காலில் கட்டிய சிறு பலகையில் எவ்வாறு வழியைக் கணிக்கலாம் என்பதை அவர் நூலாக எழுதினார். பரீட்சைக்காகப் படிக்கும் மாணவருக்கு, அக்கணக்கு எங்கே உயிரைக் காக்கும், எங்கே உயிரைப் பறிக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்த ஓர் ஆசிரியர் கிடைத்தார்.

போர் முடிந்த பின்னர், அரசு கழித்துவிட்ட விமான வரைபடங்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, அட்டையில் ஒட்டிப் பிள்ளைகளுக்கான துண்டுப்பட விளையாட்டுகளாக விற்று, வரைபட நிறுவனமொன்றை அவர் நிறுவினார். 1958 இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பதாகக் கூறப்பட்டது. அவருடைய மனைவி ஷீலாவின் பராமரிப்பில் தேறிய அவர், 1960 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடக்கும் முதலாவது பாய்க்கப்பல் போட்டியில் 40 நாட்களில் வெற்றி பெற்றார். 1966 ஓகஸ்டில் 'ஜிப்ஸி மொத் 4' என்ற பாய்க்கப்பலில் பிளைமவுத்திலிருந்து புறப்பட்டுச் சிட்னியில் மாத்திரம் தரித்து, 226 நாட்கள் கடலில் செலவிட்டு, 1967 மே 28 ஆம் திகதி மீண்டும் பிளைமவுத்தை வந்தடைந்தார். சிட்னியிலிருந்து திரும்பும் வழியில் அவரது கப்பல் புரட்டப்பட்டதும் அதே டஸ்மன் கடலிலேயாகும். மகாராணி இரண்டாம் எலிசபெத், பண்டைய கடலோடியான பிரான்ஸிஸ் டிரேக்கின் வாளால் அவருக்கு 'சேர்' பட்டம் சூட்டினார். 1972 ஓகஸ்ட் 26 ஆம் திகதி அவர் காலமானார்.

இன்று செய்மதிகள் ஒரு கணத்தில் நம் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகின்றன. ஆயினும் அண்மைய ஆண்டுகளில் போர்ச் சூழல் நிலவும் பிரதேசங்களில் செய்மதிச் சமிக்ஞைகள் குழப்பப்படுவதும், பயணிகள் விமானங்கள் அதனால் பாதிக்கப்படுவதும் செய்திகளாகி வருகின்றன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 1990களின் பிற்பகுதியில் கைவிட்ட வானியல் வழிகாணல் பாடத்தை 2015 இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. பழைய கணக்குக்குத் தேவை தீர்ந்துவிடவில்லை.

கலைத்துறையில் பட்டம் பெற்ற எம் போன்றோருக்குக் கணிதம் என்றும் சற்றுத் தூரத்து உறவே. எனினும் சிச்செஸ்டரின் வாழ்க்கையைப் படிக்கும்போது அக்கணிதத்தின் பின்னால் ஓர் ஒழுக்கம் இருப்பது எமக்குப் புலனாகிறது. எமது மாணவர்கள் கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்து, சரியான விடையை எழுதுவதற்கே பழக்கப்படுத்தப்படுகின்றனர். எவ்வளவு பிழைக்கக்கூடும் என்று தன்னைத்தானே அளந்து பார்க்க அவர்களுக்கு யாரும் கற்பிப்பதில்லை. தனிமனிதருக்கு மாத்திரமன்றி, தமது கணிப்பு ஒருபோதும் தவறாது என்று நம்பி மக்களையும் உடன் அழைத்துச் செல்லும் தலைமைகளுக்கும் இது பொருந்தும். இலக்கு தென்படாதபோது எப்பக்கம் திரும்புவதென்று அறியாமல் எரிபொருளைத் தீர்த்த அனுபவம் இந்நாட்டின் எல்லாச் சமூகங்களுக்கும் உண்டு.

தான் பிழை விடக்கூடியவன் என்பதை ஒப்புக்கொண்டு, அப்பிழைக்கும் சேர்த்து வழி வகுத்தமையாலேயே அந்தச் சிறு விமானம் கரை சேர்ந்தது. இன்று வரைபடத்தையும் பாகைமானியையும் விரித்து வைத்துப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் இளைஞருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. விடையைக் கண்டுபிடித்தபின் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டாம். அந்த விடை எவ்வளவு பிழைத்திருக்கலாம் என்பதையும் ஒருமுறை கணித்துப் பார்க்கட்டும்.