அன்பு நெஞ்சின் பாதை

பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து, கடல் கடந்த நாட்டில் குடியேறி வாழ்வோர் எக்காலத்தும் உளர். அவருள் சிலர் பொருளீட்டும் பொருட்டும், சிலர் ஆட்சி செலுத்தும் பொருட்டும், சிலர் உடல்நலம் நாடியும் செல்வர். சென்ற இடத்தில் நிலம் வாங்குதல் எளிது. பொருளுடையார்க்கு வீடு கட்டுதலும் அரிதன்று. ஆயின், அம்மண்ணின் மக்கள் உள்ளத்தில் இடம் பெறுதலே அரிது. அவ்வரிய பேற்றினைப் பெற்றவருள் ஒருவர், ஆங்கில இலக்கியத்தில் புகழ்பெற்று விளங்கும் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் ஆவார்.

ஸ்டீவன்ஸன் 1850ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் கலங்கரை விளக்கங்கள் அமைப்பதில் வல்ல பொறியியலறிஞர்கள். அலைகள் மோதும் பாறைகளின்மீது அவர்கள் எழுப்பிய விளக்கங்கள் எண்ணற்ற மாலுமிகளின் உயிரைக் காத்தன. அக்குடும்பத் தொழிலை மேற்கொள்ளும் உடல்வலிமை ஸ்டீவன்ஸனுக்கு வாய்க்கவில்லை. இளமை முதற்கொண்டே நுரையீரல் நோய் அவரை வாட்டியது. குளிர்காலம் வந்தால் இருமலும் காய்ச்சலும் அவரைப் படுக்கையில் கிடத்திவிடும். சட்டம் பயின்று தேறியும் அவர் அத்தொழிலில் ஈடுபடவில்லை. எழுத்தையே தம் வாழ்வாகக் கொண்டார். 1883இல் நூலாக வெளிவந்த ‘புதையல் தீவு’ என்னும் கதை அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று.

புகழ் வளர்ந்தது, நோயோ தணியவில்லை. நல்ல தட்பவெப்பம் உள்ள இடத்தை நாடி அவர் பல நாடுகளிலும் அலைந்தார். 1887இல் தந்தையார் மறைந்தபின், தாயாரையும் மனைவி பானியையும் உடனழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து பாய்மரக் கப்பலொன்றில் புறப்பட்டுப் பசிபிக் மாகடலின் தீவுகளைச் சுற்றி வந்தார். கடற்காற்று அவருக்குப் புத்துயிர் அளித்தது. 1889ஆம் ஆண்டு டிசம்பரில் சமோவாத் தீவுகளை அடைந்தார். ஹவாய்த் தீவுகளுக்கும் நியூசிலாந்துக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்தவை அத்தீவுகள். அவற்றுள் ஒன்றாகிய உபோலுவில் ஆப்பியா என்னும் துறைமுக ஊர் உள்ளது. அங்கிருந்து மூன்று கல் தொலைவில், வையா மலையின் அடிவாரத்தில், 300 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தை அவர் விலைக்கு வாங்கினார். ஒருமுறை தாய்நாடு சென்று மீளவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால், வழியில் சிட்னி நகரில் நோய் மீண்டும் அவரைத் தாக்கியது. குளிர்நாட்டிற்குத் திரும்பினால் உயிர் தங்காது என்பதை அவர் உணர்ந்தார். பிறந்த ஊரை இனிக் காண இயலாது என்னும் துயரத்தைத் தாங்கிக்கொண்டு, 1890இல் அக்காட்டு நிலத்திலேயே குடிபுகுந்தார்.

அவ்விடத்தின் பெயர் வைலிமா. சமோவா மொழியில் ‘வை’ என்பது நீரைக் குறிக்கும். ‘லிமா’ என்பது ஐந்து, கை என்னும் இரண்டையும் குறிக்கும். ஆதலின், ஐந்து நீரோடைகள் என்று சிலரும், கையில் ஏந்திய நீர் என்று சிலரும் அப்பெயருக்குப் பொருள் கூறுவர். மரமும் கொடியும் பின்னிக் கிடந்த அக்காட்டைத் திருத்துதல் எளிதாக இல்லை. தொடக்கத்தில் அவரும் மனைவியாரும் சிறு குடிலொன்றில் தங்கினர். மழை ஓயாது பெய்தது. ஊரிலிருந்து வரும் தடமோ சேறும் சகதியுமாய் இருந்தது. நோயுற்ற உடலினராகிய ஸ்டீவன்ஸன் தம் கையாலேயே களை பறித்தார். நம் நாட்டு வயலோரங்களில் காணும் தொட்டாற்சிணுங்கிச் செடியே அவருக்கு அங்கே பெரும்பகை. அயல்நாட்டிலிருந்து வந்த அம்முட்செடி தீவெங்கும் பரவிப் பயிர்நிலத்தைக் கவர்ந்திருந்தது. பானி அம்மையார் காய்கறித் தோட்டம் அமைத்தார். கொக்கோ மரங்களையும் நட்டு வளர்த்தார்.

1891இல் மாடிவீடு எழுந்தது. பின்னர் அது மேலும் விரிவாக்கப்பட்டது. செந்நிறக் கூரையும் நீலச் சுவர்களும் கொண்ட அவ்வீட்டின் பெருங்கூடத்திற்குக் கலிபோர்னியாவிலிருந்து செம்மரப் பலகைகள் கப்பலில் வந்தன. இங்கிலாந்திலிருந்த பழைய வீட்டின் மேசை நாற்காலிகளும் கடல் கடந்து வந்து சேர்ந்தன. வெப்பம் மிகுந்த அந்நாட்டில் தேவையற்ற கணப்படுப்பு ஒன்றையும் அவர் அமைத்தார். தாய்நாட்டின் நினைவை அவரால் மறக்க இயலவில்லை என்பதற்கு அதுவே சான்று. குடும்பத்தாரும் பணியாளருமாய்ப் பலர் அங்கு வாழ்ந்தனர். அத்தனை பேரையும் காத்தது அவருடைய எழுதுகோலே. அத்தீவினர் அவரைத் ‘துசிதாலா’ என்று அழைத்தனர். கதைகளை எழுதுபவர் என்பது அதன் பொருள்.

அக்காலத்தில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் சமோவாவில் தத்தம் செல்வாக்கை நிலைநாட்டப் போட்டியிட்டன. அவற்றின் பூசலிடையே அந்நாட்டு மக்கள் அல்லலுற்றனர். ஸ்டீவன்ஸன் வாளாவிருக்கவில்லை. சமோவாவில் நேர்ந்தவற்றை ஆராய்ந்து, அதிகாரிகளின் தவறுகளை எடுத்துக்காட்டி, 1892இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரைத் தீவினின்றும் வெளியேற்றுவதற்கு வழிசெய்யும் ஆணையொன்றும் பிறந்தது. வெளியேறினால் அவர் உயிர் வாழ்தல் அரிது. எனினும், அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1893இல் தீவில் போர் மூண்டது. ஸ்டீவன்ஸன் மதித்துப் போற்றிய மதாஆஃபா என்னும் தலைவர் தோல்வியுற்று நாடு கடத்தப்பட்டார். அவரைச் சார்ந்த குறுநிலத் தலைவர்கள் ஆப்பியாச் சிறையில் அடைக்கப்பட்டனர். தோற்றாரோடு உறவு கொள்ளப் பிறர் அஞ்சிய வேளையில், ஸ்டீவன்ஸன் குடும்பத்தாருடன் சிறைக்குச் சென்றார். உணவும் பிற பொருள்களும் கொடுத்து உதவினார். அவர்தம் விடுதலைக்காகவும் முயன்றார்.

1894இல் விடுதலை பெற்ற அத்தலைவர்கள் தத்தம் இல்லங்களுக்குச் சென்று இளைப்பாறுவதோடு அமைந்துவிடவில்லை. வைலிமாவுக்கு வந்தனர். பொதுச் சாலையிலிருந்து ஸ்டீவன்ஸனின் வீடு வரையில் நல்லதொரு பாதை அமைத்துத் தர விரும்புவதாகத் தெரிவித்தனர். சாலை போடும் வேலையைச் சமோவா மக்கள் பெரிதும் வெறுத்த காலம் அது. ஆயினும், தலைவர்களாகிய அவர்கள் கூலி பெறாமல் அதனைச் செய்து முடித்தனர். அதற்கு ‘அன்பு நெஞ்சின் பாதை’ என்று பெயரும் சூட்டினர். ஸ்டீவன்ஸன் உள்ளம் நெகிழ்ந்து அவர்களுக்கு விருந்தளித்தார். போரினால் மட்டும் நாட்டைக் காத்தல் இயலாது என்றும், சாலை அமைத்தும் மரம் நட்டும் நிலத்தைப் பயன்படுத்தினாலன்றி அது பிறர் கைக்குப் போய்விடும் என்றும் அவர்களுக்கு அறிவுறுத்தினார்.

அவ்விருந்து நடந்து இரண்டு திங்கள்கூட முற்றுப்பெறவில்லை. 1894ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் மாலை, மனைவியாரோடு உரையாடிக்கொண்டிருந்த ஸ்டீவன்ஸன் திடீரென நினைவிழந்து சாய்ந்தார். அன்றிரவே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 44. பன்னாளும் அஞ்சிய நுரையீரல் நோயன்று, மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கே அவர் உயிரைக் கவர்ந்தது. வையா மலையுச்சியில் தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். அம்மலைக்கு வழி இல்லை. சமோவா மக்கள் கோடரியும் வெட்டுக்கத்தியும் ஏந்தி, செங்குத்தான மலைச்சரிவில் காட்டை வெட்டி விரைந்து வழி செய்தனர். மறுநாள் அவருடைய உடலைத் தோள்மீது சுமந்து சென்று உச்சியில் அடக்கம் செய்தனர்.

அவர் கட்டிய வீடு பின்னர்ப் பலர் கைக்கு மாறியது. ஜெர்மானிய ஆளுநரும், நியூசிலாந்து ஆட்சியாளரும், 1962இல் சமோவா விடுதலை பெற்றபின் அந்நாட்டுத் தலைவரும் அதில் வாழ்ந்தனர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் வீசிய புயல்களால் சிதைந்த அவ்வீடு செப்பனிடப்பட்டு, அவர் மறைந்த நூறாம் ஆண்டாகிய 1994இல் நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது.

ஸ்டீவன்ஸன் தம் பொருளைக்கொண்டு எழுப்பியது மரத்தாலாகிய வீடு. அதனைப் புயல் சிதைத்தது. அத்தீவு மக்கள் அவருக்காக அமைத்தவை இரண்டு பாதைகள். ஒன்று அவர் இல்லத்திற்குச் சென்றது. மற்றொன்று அவர் கல்லறைக்குச் சென்றது. அவ்விரண்டும் விலைகொடுத்துப் பெற இயலாதவை. சென்ற நாட்டின் மக்கள் துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதுவோர்க்கு அந்நாடு தாய்நாடாகவே ஆகும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.