சுழல் எந்திரம் கண்ட பெலிக்ஸ் வாங்கெல்

மோட்டார் எந்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? மேலும் கீழும் ஓயாது ஏறியிறங்கும் பிஸ்டன் அன்றோ! அந்தப் பிஸ்டனே இல்லாத எந்திரம் ஒன்றைச் சென்ற விடுமுறையில் ஒரு படத்தில் கண்டேன். மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எந்திரத்தை மெக்கானிக் ஒருவர் அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வால்வும் இல்லை. கனெக்டிங் ராடும் இல்லை. பக்கங்கள் உப்பிய முக்கோணம் போன்ற சுழலிகள் இரண்டு. அவர் பொழுதெல்லாம் செலவிட்டது, அவற்றின் முனைகளில் செருகும் மெல்லிய சீல் பட்டைகளில்தான். உயரத்தை அளந்தார், பின்னுள்ள ஸ்பிரிங்கை மாற்றினார், பட்டை உரசும் உட்சுவரில் கீறல் உண்டா என்று விளக்குப் பிடித்துத் தேடினார். பட்டை தேய்ந்தால் வாயு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கசியும், அழுத்தம் குன்றும், எந்திரம் கிளம்பாது.

இதைப் படைத்தவர் யாரென்று நூலகத்தில் தேடப் புகுந்தேன்.

பெலிக்ஸ் வாங்கெல் 1902இல் ஜெர்மனியின் லார் நகரில் பிறந்தார். தந்தையை முதல் உலகப்போர் கொண்டுபோயிற்று. பல்கலைக்கழகம் செல்ல வழியில்லை. ஹைடல்பர்க்கில் நூல் வெளியீட்டகம் ஒன்றில் பணிபுரிந்தவர், 1924இல் சொந்தமாகப் பட்டறை வைத்தார். சுழல் எந்திரத்துக்கு 1929இல் காப்புரிமை பெற்றார். கிட்டப்பார்வையால் தொல்லையுற்ற இவர் கடைசிவரை ஓட்டுநர் உரிமம் பெறவே இல்லை என்பது வியப்பு!

ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. இவர் இளமையிலேயே நாஜி இயக்கத்தில் சேர்ந்தவர். கட்சித் தலைவர் ஒருவரோடு பகைத்து 1933இல் சில மாதம் சிறையிருந்ததும் உண்டு, ஆயினும் பின்னர் ஹிட்லரின் விமானப்படைக்காக உழைத்தார், எஸ்.எஸ். படையில் பதவியும் ஏற்றார். அவரது அறிவை வியக்கிறேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. கசிவை அடைக்கும் கலையில் அவர் தேர்ந்ததும் அந்தப் போர்க்கால வேலையில்தான்.

போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர் அவரைச் சிறையிலிட்டனர், ஆய்வுக்கூடமும் பறிபோயிற்று. 1951இல் என்.எஸ்.யு. நிறுவனம் கைகொடுத்தது. 1957 பிப்ரவரியில் முதல் எந்திரம் ஓடியது. அதில் சுழலியோடு கூடும் சேர்ந்து சுழன்றது. ஸ்பார்க் பிளக்கை மாற்றவே எந்திரத்தைப் பிரிக்க வேண்டும்! அதே நிறுவனத்தின் பாஷ்கே என்னும் பொறியாளர் கூட்டை அசையாமல் நிறுத்தி எளிதாக்கினார். வாங்கெலுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் பெயரோடு உலகெங்கும் ஓடியது பாஷ்கேயின் வடிவமே. இதில் பாஷ்கேயின் பக்கமே நான்.

1967இல் வந்த ஆர்.ஓ.80 காரில் சீல்கள் விரைவில் தேய்ந்தன. எந்திரங்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தே என்.எஸ்.யு. நொடித்தது. ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர்களுக்கும் உட்சுவரில் அலையலையாகக் கீறல் விழும் தொல்லை. அதற்குச் சைத்தானின் நகக்கீறல் என்று பெயரே வைத்துவிட்டார்கள்! கரியில் அலுமினியம் ஊட்டிய சீலைக் கொண்டு வென்று, அதே 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்கு விட்டனர்.

பட்டமில்லாத வாங்கெலுக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1969இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1988 அக்டோபர் 9இல் ஹைடல்பர்க்கில் மறைந்தார். 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் சுழல் எந்திரக் கார் வென்றதைக் காண அவர் இல்லை.

படத்தில் அந்த மெக்கானிக் ஆறு முனைச் சீல்களையும் பொருத்தி, கூட்டை மூடிச் சாவியைத் திருகினார். பூட்டும்போது தடவிய எண்ணெய் வெண்புகையாய்க் கிளம்ப, இருமுறை இருமிவிட்டு எந்திரம் சீறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.